ஏட்டுச் சுரைக்காயும் மேகக் கணிமையும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. படித்ததை வாழ்க்கையில் பயன்படுத்தத் தெரியாதவரைக் குறிக்கவே இப்பழமொழியைப் பெரும்பாலும் கையாளுகிறோம். நான் பணியாற்றும் கணினித் துறையிலோ இதற்கு நேர்ப்பொருளே உண்டு. ஏட்டில் ஒன்று எழுதப்பட்டிருக்கும். நடப்பில் வேறொன்று இருக்கும். இரண்டும் ஒன்றே என நம்பி ஒருவர் வேலையில் இறங்குவார். சிக்கல் அங்குத்தான் தொடங்கும்.

பேரவையின் ஆண்டிதழில் இலக்கியக் கட்டுரைகளுக்கிடையே கணினித்துறைக் கட்டுரை ஒன்றும் இடம்பெற வேண்டும் என இதழ்க்குழுவினர் கேட்டுக்கொண்டனர். கணினி மாணவர்களுக்கு மட்டுமன்றி, பொறியியல், வணிகம், தமிழியல் பயிலும் நண்பர்களுக்கும் புரியும்படி எழுத வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. எனவே, என் அன்றாடப் பணியில் மிகுதியாக நேரத்தை விழுங்கும் ஒரு சிக்கலையே எடுத்துக்கொண்டேன். மேகக் கணிமையில், எழுதி வைத்த வார்ப்புருவும் நேரடியாகச் செய்யப்படும் மாற்றங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கச் செய்வது எப்படி என்பதே அது.

மேகமும் வார்ப்புருவும்

முன்பெல்லாம் ஒரு நிறுவனம் இணையச் சேவை நடத்த விரும்பினால், ‘சர்வர்’ எனப்படும் வழங்கிகளை விலைக்கு வாங்கி, குளிரூட்டிய அறையில் அடுக்கி, கம்பிகளை இணைக்க வேண்டும். மேகக் கணிமை அந்த நிலையை மாற்றியது. அமேசான் வெப் சர்வீசஸ் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் கோப்புச் சேமிப்பையும் வழங்கிகளையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. 2010இல் சிங்கப்பூரில் அதன் வட்டாரத் தரவு நிலையங்கள் திறக்கப்பட்டன. மலேசியாவில் 2024இல் திறக்கப்பட்டன. இன்று ஒரு பொறியாளர் தம் மேசையில் அமர்ந்தபடியே ஐம்பது வழங்கிகளைச் சில நிமிடங்களில் எழுப்பலாம். மாலையில் கலைத்தும் விடலாம்.

எழுப்புவது எளிதானதும் வேறு தொல்லை பிறந்தது. எந்த வழங்கி எதற்காக எழுப்பப்பட்டது, அதற்கு எந்தக் காவல் விதி, எந்தத் தரவுத்தளத்தோடு அது பேசுகிறது என்பனவற்றை யாராலும் நினைவில் வைத்திருக்க முடியவில்லை. இதற்கு விடையாக வந்ததுதான் ‘டெம்ப்ளேட்’ எனப்படும் வார்ப்புரு. வேண்டியவற்றை ஒரு கோப்பில் எழுதுகிறோம்: இரண்டு வழங்கிகள், ஒரு தரவுத்தளம், இன்னின்ன முகவரிகளுக்கு மட்டும் அனுமதி. கருவி அதைப் படித்து, எழுதியபடியே கட்டிக் கொடுக்கிறது. அமேசானின் கிளவுட்ஃபார்மேஷன் 2011இல் வந்தது. ஹாஷிகார்ப் நிறுவனத்தின் டெர்ராஃபார்ம் 2014இல் வெளியானது; இது பல நிறுவனங்களின் மேகங்களுக்கும் பொதுவானது. 2023இல் அதன் உரிம விதிகள் மாற்றப்பட்டபோது, திறந்த மூல வழியிலேயே தொடர விரும்பியவர்கள் ஓப்பன்டோஃபு என்னும் கிளையைத் தொடங்கினர்.

வார்ப்புருவால் விளையும் நன்மைகள் பல. அதை மற்றவர் படித்துப் பார்த்துத் திருத்தலாம். யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற வரலாறு தங்கும். சோதனைச் சூழலையும் உண்மைச் சூழலையும் ஒரே அச்சில் வார்க்கலாம். ஆனால் இவையனைத்தும் ஓர் எடுகோளின்மேல் நிற்கின்றன. வார்ப்புருவில் உள்ளதுதான் மேகத்திலும் உள்ளது என்பதே அந்த எடுகோள்.

ஒரே அறைக்குப் பல வாசல்கள்

அந்த எடுகோள் ஏன் அடிக்கடி உடைகிறது? மேகத்தின் அடிப்படையை அறிந்தால் காரணம் விளங்கும். மேகத்தில் நடக்கும் ஒவ்வொரு செயலும் ‘ஏபிஐ’ எனப்படும் நிரல் இடைமுகத்துக்கு அனுப்பப்படும் ஒரு வேண்டுகோளே. வார்ப்புருக் கருவி அனுப்புவதும் அதே வேண்டுகோள்தான். உலாவியில் மேலாண்மைப் பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினாலும், கட்டளை வரியில் ஓர் ஆணையைத் தட்டினாலும், யாரோ எழுதிவைத்த சிறுநிரல் இரவில் தானாக ஓடினாலும், போய்ச் சேருமிடம் ஒன்றே. வழங்கிகளின் எண்ணிக்கையைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் மேகத்தின் சொந்தச் சேவைகளும் அதே கதவைத்தான் தட்டுகின்றன. அனுமதி இருந்தால் கதவு திறக்கும். “இது வார்ப்புருவில் எழுதப்பட்டுள்ளதா?” என்று அது கேட்பதில்லை.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஓர் உவமை சொன்னால் எளிதாகப் புரியும். வீவக வீட்டுக்கு ஒரு வரைபடம் உண்டு. சுவரை இடிக்க வேண்டுமானால் கழகத்தின் அனுமதி தேவை. அனுமதியின்றி ஒருவர் ஓர் அறைச்சுவரை எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வீடு வசதியாகத்தான் இருக்கும். பல ஆண்டுகள் கழித்து அவ்வீட்டை வாங்கியவர், பழைய வரைபடத்தை நம்பிப் புதிய வேலைக்கு ஆள் அமர்த்தும்போதுதான் தொல்லை வரும். சுவரை எடுத்தவருக்கும் துன்பப்படுபவருக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது.

மேகத்திலும் இப்படித்தான். வார்ப்புருவுக்கும் நடப்புக்கும் இடையே ஏற்படும் இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் ‘டிரிஃப்ட்’ என்பர். கரையில் கட்டிய படகு கயிறு தளர்ந்து மெல்ல நகர்வது போன்ற நிலை அது. இக்கட்டுரையில் அதனை ‘விலகல்’ என்றே குறிப்பிடுகிறேன்.

ஒரு நள்ளிரவு மாற்றம்

முன்பு நான் பணியாற்றிய நிறுவனமொன்றில் நடந்த நிகழ்ச்சி இது. பெயர்கள் வேண்டாம்.

அங்கு எங்கள் வழங்கிகள் வெளியே எந்த முகவரிகளோடு பேசலாம் என்பதை ஒரு விதிப்பட்டியல் வரையறுத்திருந்தது. அப்பட்டியல் டெர்ராஃபார்ம் வார்ப்புருவில் இருந்தது. ஒரு ஞாயிறு நள்ளிரவில், கட்டணம் செலுத்தும் சேவையை எங்களுக்கு வழங்கிய மற்றொரு நிறுவனம் தன் இணைய முகவரியை மாற்றிவிட்டது. வாடிக்கையாளர்களால் பணம் செலுத்த முடியவில்லை. அன்று இரவு முறைப்பணியில் இருந்த பொறியாளர் காரணத்தைக் கண்டுபிடித்து, புதிய முகவரியைக் கட்டளை வரி மூலம் நேரடியாக விதிப்பட்டியலில் சேர்த்தார். பத்தே நிமிடத்தில் சேவை மீண்டது. குழுவின் உரையாடல் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டு உறங்கச் சென்றார். மறுநாள் அனைவரும் அவரைப் பாராட்டினர். வார்ப்புருவைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று வாரங்கள் சென்றன. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பட்டதாரி ஒருவர், வழங்கிகளின் இயங்குதளத்தைப் புதுப்பிக்கும் வேலையை ஏற்றார். வார்ப்புருவில் ஒரு வரியை மாற்றி, கருவியின் முன்னோட்டத்தை எடுத்தார். இயங்குதளம் தொடர்பான பல டசன் வரிகளுக்கிடையே, விதிப்பட்டியலிலிருந்து ஒரு முகவரி நீக்கப்படும் என்ற ஒற்றை வரியும் இருந்தது. அந்த முகவரி எதற்குரியது என்பதை அறிய அவருக்கு வழியே இல்லை. வார்ப்புருவில் இல்லாத ஒன்றைக் கருவி நீக்கப் போகிறது. அது முறைதானே என்று அவரும், சரிபார்த்த மூத்தவரும் எண்ணினர். வெள்ளிக்கிழமை பிற்பகல் கட்டணச் சேவை மீண்டும் நின்றது. இம்முறை காரணத்தைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. இயங்குதளப் புதுப்பிப்பே காரணம் என்று எல்லாரும் நம்பி அதையே துருவிக்கொண்டிருந்தோம்.

பின்னர் நடந்த கூட்டத்தில் அந்தப் புதியவர் குற்றவாளிபோல் நிறுத்தப்பட்டார். முன்னோட்டத்தைக் கவனமாகப் படிக்கவில்லை என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குறை. இன்றும் எனக்கு அதில் உடன்பாடில்லை. நள்ளிரவில் சேவையை மீட்டவர் செய்ததும் சரி. வார்ப்புருவை நம்பி வேலை செய்தவர் செய்ததும் சரி. கருவியும் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தது. நேரடி மாற்றம் வார்ப்புருவுக்குத் திரும்பி வருவதற்கான பாதை அந்தக் குழுவில் யாராலும் அமைக்கப்படவில்லை. குறை அங்குத்தான் இருந்தது. இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்களுள் பலர் விரைவில் ஏதோ ஒரு குழுவில் அந்தப் புதியவரின் இடத்தில் அமரப் போகிறவர்கள். ஆகவேதான் இதனை விரிவாகச் சொல்கிறேன்.

நம்பிக்கைக்கும் நடப்புக்கும் இடையிலான இடைவெளி எவ்வளவு பெரிய இழப்பைத் தரும் என்பதற்கு அமெரிக்காவில் 2012 ஆகஸ்டு 1ஆம் நாள் நடந்த நைட் கேப்பிட்டல் நிகழ்ச்சி சான்றாகும். அந்தப் பங்கு வணிக நிறுவனம் எட்டு வழங்கிகளில் புதிய மென்பொருளை நிறுவத் திட்டமிட்டது. ஏழில் நிறுவப்பட்டது, ஒன்றில் விடுபட்டுப் போனது. எட்டும் ஒன்றே என்ற நம்பிக்கையில் சந்தை திறந்தது. அந்த ஒரே வழங்கியில் உறங்கிக் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, ஏறத்தாழ 45 நிமிடங்களுக்குப் பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. இழப்பு 460 மில்லியன் அமெரிக்க வெள்ளிக்கும் மேல் என்று அந்நாட்டுப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் பதிவு செய்துள்ளது. அங்கு வார்ப்புரு எதுவும் விலகவில்லை. ஆயினும் நோய் ஒன்றே: இருப்பதாக நம்பியது வேறு, இருந்தது வேறு.

கருவி எதைப் பார்க்கிறது?

விலகலைக் கருவிகளே கண்டுபிடித்துச் சொல்லாதா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லும், ஆனால் முழுமையாக அன்று. கருவிக்குக் கருவி பார்வையும் வேறுபடுகிறது.

இங்கு மூன்று பொருள்களை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, நாம் எழுதிய வார்ப்புரு. இரண்டாவது, கடைசியாகக் கட்டியபோது நிலைமை எப்படி இருந்தது எனக் கருவி வைத்திருக்கும் பதிவு. மூன்றாவது, மேகத்தில் இந்த நொடியில் உள்ள நடப்பு நிலை.

டெர்ராஃபார்ம் பொதுவாக ஒவ்வொரு முன்னோட்டத்திற்கும் முன்பு மேகத்தைக் கேட்டுத் தன் பதிவைப் புதுப்பித்துக்கொள்கிறது. பிறகு வார்ப்புருவோடு ஒப்பிடுகிறது. ஆகவே, நேரடி மாற்றம் அதன் கண்ணில் படும். ஆனால் அதனை “இது விலகல்” என்று எச்சரிக்கையாகக் கொள்ளாமல், “இதைத் திருத்தப் போகிறேன்” என்று வேலையாக எடுத்துக்கொள்ளும். மேலே கூறிய நிகழ்ச்சியில் நடந்தது இதுவே.

கிளவுட்ஃபார்மேஷனின் வழக்கமான போக்கு இதற்கு நேர்மாறானது. புதிய வார்ப்புருவை அது முந்தைய வார்ப்புருவோடு ஒப்பிடுகிறது. நடப்பு நிலையைப் பார்ப்பதில்லை. எனவே, மேகத்தில் யாரோ எதையோ மாற்றியிருந்தாலும், வார்ப்புருவில் மாற்றம் இல்லையென்றால் “செய்வதற்கு ஒன்றுமில்லை” என்று சொல்லிவிடும். விலகல் பல மாதங்கள் அப்படியே கிடக்கும். என்றோ ஒருநாள் அதே பொருளின் வேறொரு பண்பைத் திருத்தும்போது எதிர்பாராத விளைவு தோன்றலாம். பயனர்களின் நீண்ட நாள் வேண்டுகோளுக்குப் பின் 2018 நவம்பரில் விலகலைக் கண்டறியும் வசதி அதில் சேர்க்கப்பட்டது. அதை நாமே கேட்டு இயக்க வேண்டும். ஒவ்வொரு பொருளும் பொருந்தியுள்ளதா, மாற்றப்பட்டதா, நீக்கப்பட்டதா என்று அது பட்டியலிட்டுத் தரும். 2025 நவம்பரில், பழைய வார்ப்புரு, புதிய வார்ப்புரு, நடப்பு நிலை ஆகிய மூன்றையும் ஒருசேர ஒப்பிட்டு மாற்றம் செய்யும் வசதியும் வந்து சேர்ந்தது.

இவ்வசதிகளுக்கும் எல்லை உண்டு. அவற்றுள் இரண்டைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

முதல் எல்லை: வார்ப்புருவில் வெளிப்படையாக எழுதப்பட்ட பண்புகளை மட்டுமே கிளவுட்ஃபார்மேஷன் சரிபார்க்கும். எழுதாமல் இயல்புநிலைக்கு விட்ட பண்பை ஒருவர் நேரடியாக மாற்றினால், அறிக்கையில் அது தோன்றாது. எனவே பாதுகாப்பு தொடர்பான பண்புகளை, இயல்புநிலையே போதும் என்றாலும், வார்ப்புருவில் எழுதிவிடுவது நல்லது.

இரண்டாம் எல்லை: வார்ப்புருவில் இல்லாத புதுப் பொருளை ஒருவர் நேரடியாக உருவாக்கினால் இரு கருவிகளும் அதனைக் காண்பதில்லை. பட்டியலில் பெயருள்ளவர்களுக்குத்தான் வருகை எடுக்க முடியும். அழையாமல் வந்தவர் மண்டபத்தில் அமர்ந்திருப்பது பட்டியலைப் பார்த்தால் தெரியாது. ஒரு வாரச் சோதனைக்காக எழுப்பி மறந்துபோன பெரிய வழங்கி, மாதந்தோறும் கட்டண விவரத்தில் மட்டும் தலைகாட்டுவது இதனால்தான்.

எது சரி என்பதை யார் சொல்வது?

இனி, நான் இக்கட்டுரையில் முதன்மையாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். வேறுபாடு இருக்கிறது என்பதைக் கருவி சொல்லும். இரண்டில் எது சரி என்பதை அது சொல்லாது. அதை மனிதர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

வார்ப்புருவே வேதவாக்கு, நேரடி மாற்றமெல்லாம் பிழை என்று கருதும் பொறியாளர்கள் உண்டு. நள்ளிரவு நிகழ்ச்சியில் நடப்பு நிலைதான் சரியாக இருந்தது. பழையதாகிப் போனது வார்ப்புருவே. வேறு நாளில், யாரோ சோதனைக்காக உலகம் முழுமைக்கும் திறந்துவிட்ட கதவு விலகலாகத் தோன்றும். அன்று வார்ப்புருவே சரி. ஆகவே, ஒவ்வொரு விலகலையும் மூன்று வகையுள் ஒன்றாகப் பிரிக்க வேண்டும்.

ஒன்று, நடப்பே சரி. இங்கு வார்ப்புருவைத் திருத்தி நடப்போடு பொருத்த வேண்டும். பண்பொன்று மாறியிருந்தால் புதிய மதிப்பை வார்ப்புருவில் எழுதி, முன்னோட்டத்தில் வேறு மாற்றம் இல்லை என்பதை உறுதி செய்தால் போதும். டெர்ராஃபார்மில் பதிவை மட்டும் புதுப்பிக்கும் கட்டளை ஒன்று 2021இல் வந்தது. அதை இயக்கியதும் வேலை முடிந்தது எனப் பலர் எண்ணிவிடுகின்றனர். அது பதிவைத்தான் மாற்றும், வார்ப்புருவை மாற்றாது. அடுத்த முன்னோட்டத்தில் அதே வேறுபாடு மீண்டும் வந்து நிற்கும்.

நேரடியாக உருவாக்கப்பட்ட புதுப் பொருளாக இருந்தால், அதனை வார்ப்புருவின் ஆளுகைக்குள் கொண்டுவர வேண்டும். இதனை ‘இம்போர்ட்’ என்பர். கிளவுட்ஃபார்மேஷனில் இவ்வசதி 2019இல் வந்தது. அவ்வாறு சேர்க்கும் ஒவ்வொரு பொருளுக்கும், தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டால் அதை என்ன செய்வது என்ற விதியையும் வார்ப்புருவில் எழுதியாக வேண்டும். டெர்ராஃபார்மில் இதற்கெனக் கட்டளை முன்பே இருந்தது. 2023இல் வார்ப்புருவிலேயே எழுதிச் சேர்க்கும் முறையும், அதற்குரிய வரிகளைக் கருவியே எழுதித் தரும் வசதியும் வந்தன. கருவி எழுதித் தருவதை அப்படியே ஏற்காமல் படித்துச் செம்மைப்படுத்த வேண்டும்.

இரண்டு, வார்ப்புருவே சரி. இங்கு நடப்பை மீட்க வேண்டும். டெர்ராஃபார்ம் அதைத் தானே செய்யும். கிளவுட்ஃபார்மேஷனில், முன்பு சொன்ன மூவழி ஒப்பீட்டைப் பயன்படுத்தலாம். அல்லது செய்த நேரடி மாற்றத்தை நேரடியாகவே பின்வாங்கலாம். ஆனால் மீட்பதற்கு முன் அந்த மாற்றத்தைச் செய்தவரைக் கேட்க வேண்டும். அமேசானின் கிளவுட்டிரெயில் பதிவில் யார், எப்போது, எந்த வேண்டுகோளை அனுப்பினார் என்பது இருக்கும். தனியாகச் சேமிக்க ஏற்பாடு செய்யாவிட்டால் அந்த வரலாற்றில் கடந்த 90 நாள்களை மட்டுமே காணலாம். கேட்பது குற்றம் சாட்டுவதற்காக அன்று. “ஏன் செய்தீர்கள்?” என்ற கேள்விக்கான விடையில்தான் எது சரி என்பது இருக்கிறது.

மூன்று, இது வார்ப்புரு சொல்ல வேண்டிய செய்தியே அன்று. வழங்கிகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். இரண்டு என்று வார்ப்புருவில் எழுதியிருக்கிறோம். தீபாவளி விற்பனையின்போது கூட்டம் மிகுந்து, தானியங்கிச் சேவை எட்டாக உயர்த்துகிறது. அந்நேரத்தில் வேறொரு மாற்றத்துக்காக வார்ப்புருவை ஓட்டினால், எட்டு மீண்டும் இரண்டாகலாம். சேவை திணறும். எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் பொறுப்பைத் தானியங்கிச் சேவைக்குக் கொடுத்துவிட்டால், வார்ப்புரு அதில் தலையிடக் கூடாது. டெர்ராஃபார்மில் இன்ன பண்பின் மாற்றத்தைப் பொருட்படுத்தாதே என்று எழுத இடமுண்டு. ஒரு பண்புக்கு ஒரே ஒருவர்தான் பொறுப்பாளர் என்பதே இங்கு விதி. இருவர் பிடித்தால் இழுபறிதான்.

எந்த வகையாயினும், மாற்றத்தை நிறைவேற்றும் முன் முன்னோட்டத்தில் ஒன்றை மட்டும் தவறாமல் தேடுங்கள். பொருள் இருந்த இடத்திலேயே திருத்தப்படுகிறதா, அழித்துப் புதிதாகக் கட்டப்படுகிறதா என்பதே அது. சில பண்புகளை மாற்றினால் பழையதை அழித்துப் புதியதை உருவாக்குவது தவிர வேறு வழி கருவிக்கு இல்லை. வழங்கி என்றால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளலாம். தரவுத்தளம் என்றால் உள்ளிருக்கும் தரவும் அதோடு போகும். தரவு தங்கும் பொருள்களுக்கு, அழிக்க வேண்டாம் என்ற தடையை முன்கூட்டியே வார்ப்புருவில் எழுதி வைப்பது அறிவுடைமை.

நடைமுறையில் கைக்கொள்ள வேண்டியவை

நேரடி மாற்றத்தை முற்றாகத் தடைசெய்துவிட்டால் என்ன? பல நிறுவனங்கள் முயன்றுள்ளன. அன்றாட வேலைக்கு இது பொருந்தும். உண்மைச் சூழலைப் பார்க்க மட்டும் எல்லாருக்கும் அனுமதி, மாற்றும் அனுமதி வார்ப்புருக் கருவிக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நள்ளிரவில் சேவை நின்றுபோகும்போது, வார்ப்புருவைத் திருத்தி, இருவர் சரிபார்த்து, கருவி ஓடி முடியும்வரை வாடிக்கையாளர் காத்திருக்கமாட்டார். தீயணைப்புக் கருவியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதுபோல், நெருக்கடிக்கென ஒரு தனி அனுமதி இருக்க வேண்டும். கண்ணாடியை உடைத்தால் ஒலி எழ வேண்டும். அஃதாவது, அந்த அனுமதி பயன்படுத்தப்பட்டவுடன் குழுவினருக்குச் செய்தி போக வேண்டும். வார்ப்புருவைத் திருத்தும் பணி ஒன்று தானாகப் பதிவாக வேண்டும்.

அந்தப் பணியை யார் முடிப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். இரவெல்லாம் விழித்தவரே காலையில் வார்ப்புருவையும் திருத்த வேண்டும் என்பது நியாயமாகாது. இப்போது நான் இருக்கும் குழுவில், மறுநாள் காலை முறைப்பணிக்கு வருபவரே அதனை முடிப்பார். இரவில் மாற்றியவர் என்ன செய்தார், ஏன் செய்தார் என்ற இரண்டு வரிகளை மட்டும் விட்டுச் சென்றால் போதும். நேரடி மாற்றம் ஒரு பகலுக்குள் வார்ப்புருவை வந்தடைய வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. நாள் கடந்தால் காரணம் மறந்துவிடுகிறது. காரணம் மறந்துவிட்டால் எது சரி என்பதை யாராலும் சொல்ல முடிவதில்லை.

இதற்குத் துணையாக, நாள்தோறும் காலையில் கருவியின் முன்னோட்டத்தைத் தானாக ஓடச் செய்யலாம். நிறைவேற்ற வேண்டியதில்லை, வேறுபாடு உண்டா என்று பார்த்தால் போதும். ஒரே ஒரு விலகல் இருக்கும்போது அது கண்ணில் படும். நாற்பது சேர்ந்துவிட்டால் யாரும் படிக்கமாட்டார்கள்.

விலகலைக் கண்டவுடன் தானாகவே திருத்திவிடும் முறைகளும் உள்ளன. குபெர்நெட்டிஸ் என்னும் அமைப்பு இந்த எண்ணத்தின் மேலேயே கட்டப்பட்டது. விரும்பும் நிலையைச் சொல்லிவிட்டால், நடப்பை ஓயாமல் அதனோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொண்டே இருக்கும். விரும்பும் நிலையைக் கோப்புக் களஞ்சியத்திலிருந்து எடுத்துப் பொருத்தும் ஆர்கோ சிடி போன்ற கருவிகளில், நேரடி மாற்றத்தைத் தானாகப் பின்வாங்கும் வசதியும் உண்டு. அதில் அவ்வசதி நாமாகக் கேட்டால்தான் இயங்கும். இப்படி வைத்ததில் பொருள் உண்டு. நள்ளிரவில் ஒருவர் பாடுபட்டுச் செய்த திருத்தத்தைச் சில நிமிடங்களில் கருவி அழித்துவிட்டால், அவர் எதிரியோடு போராடுகிறாரா, தம் கருவியோடு போராடுகிறாரா என்பதே அவருக்கு விளங்காது. களஞ்சியத்தைத் திருத்துவது நேரடி மாற்றத்தைப் போலவே விரைவாக நடக்கக்கூடிய குழுவிற்குத்தான் தானியங்கித் திருத்தம் பொருந்தும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி

படித்தவற்றைக் கையால் செய்து பார்த்தால்தான் மனத்தில் நிற்கும். கணினி மாணவர்கள் அமேசானில் ஒரு சிறு கணக்கைத் தொடங்கி, கிளவுட்ஃபார்மேஷன் வார்ப்புருவில் இரண்டு கோப்புச் சேமிப்புக் கலன்களை உருவாக்குங்கள். முதல் கலனுக்குப் பழைய பதிப்புகளைக் காக்கும் வசதி வேண்டும் என்று வார்ப்புருவில் எழுதுங்கள். இரண்டாவதற்கு அதைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள். பின்னர் மேலாண்மைப் பக்கத்தில் முதலாவதில் அவ்வசதியை நிறுத்துங்கள், இரண்டாவதில் இயக்குங்கள். இப்போது விலகலைக் கண்டறியச் சொல்லுங்கள். முதல் கலன் மாற்றப்பட்டதாக அறிக்கை வரும். இரண்டாவது பொருந்தியிருப்பதாகவே வரும். அடுத்து, வார்ப்புருவில் எதையும் மாற்றாமல் வழக்கமான முறையில் மீண்டும் ஓட்டுங்கள். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கருவி சொல்வதையும், நிறுத்திய வசதி நிறுத்தியபடியே இருப்பதையும் காண்பீர்கள். முடிந்ததும் தொகுப்பை நீக்கிவிடுங்கள். கலன்கள் காலியாக இருந்தால் எளிதில் நீங்கிவிடும்.

அரை மணி நேரப் பயிற்சிதான். ஆனால் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு வார்ப்புருவை உங்கள் கையில் கொடுத்து, “இதில் ஒரு வரியை மாற்றி ஓட்டுங்கள்” என்று சொல்லும்போது, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியை அது கற்றுத் தந்திருக்கும். “கடைசியாக இது நடப்போடு ஒப்பிடப்பட்டது எப்போது?” என்று பணிவோடு கேளுங்கள். விடை தெரியாது என்றால், முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னோட்டத்தில் உங்களுக்கு விளங்காத வரி ஒன்று இருந்தாலும், அது யாருடையது என்று அறியும்வரை நிறைவேற்றாதீர்கள். மூத்தவர்களாகிய முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் குழுவில் ஒரு புதியவர் அப்படிக் கேட்டால், நேரம் வீணாகிறது என்று சலித்துக்கொள்ளாமல், அவரோடு அமர்ந்து அந்த வரி எங்கிருந்து வந்தது என்று சேர்ந்து தேடுங்கள்.